முப்பது பைட்டும் சங்கராபரணமும்: கணினியில் இசைச் சேகரிப்பைப் பேணுதல்

கணினியில் சேமித்த ஒரு பாட்டுக்கு மூன்று இடங்களில் பெயர் இருக்கிறது. கோப்பின் பெயர் ஒன்று. கோப்புக்குள்ளேயே, ஒலியோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கும் விவரக்குறிப்பு இன்னொன்று. இதைத்தான் டேக் என்கிறார்கள். பாட்டை ஒலிக்கச் செய்யும் மென்பொருள் தனக்கென்று வைத்துக்கொள்ளும் பட்டியல் மூன்றாவது. ஆயிரக்கணக்கில் பாட்டுகள் சேர்ந்த பிறகு வேண்டியது கைக்கு அகப்படாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், இந்த மூன்றையும் ஒன்றென்று எண்ணிவிடுவதுதான்.

மென்பொருளின் பட்டியல் மூன்றிலும் நிலையற்றது. வின்ஆம்ப் 1997இல் வந்து ஒரு தலைமுறையின் கணினிகளை ஆண்டது. ஐட்யூன்ஸ் 2001 ஜனவரியில் வந்தது. மேக் கணினிகளில் 2019இல் அதன் இடத்தை வேறொரு செயலி எடுத்துக்கொண்டது. ஒருவர் பல மாதம் உட்கார்ந்து பாட்டுகளுக்கு நட்சத்திரம் போட்டு, ராகம் ராகமாகப் பிரித்து வைத்திருப்பார். அந்த உழைப்பு மென்பொருளின் பட்டியலில் மட்டும் இருந்தால் கணினி மாறும் நாளில் அது மறைந்துவிடும். மிஞ்சுவது ‘டிராக் 07’ என்ற பெயருள்ள ஒரு கோப்பு. கோப்பின் பெயர் சற்று உறுதியானது, ஆனால் அதில் அதிகம் எழுத முடியாது. டேக் மட்டும்தான் கோப்பு எங்கே போனாலும் கூடவே போகிறது. ஆகவே சேகரிப்பை ஒழுங்குபடுத்துவது என்றால் முதலில் டேக்கை ஒழுங்குபடுத்துவது என்றே பொருள். ஃபோல்டர் பிறகு, மென்பொருள் அதற்கும் பிறகு.

டேக் எப்படிப் பிறந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், தமிழ்ப் பாட்டுகளின் விவரங்கள் ஏன் இத்தனை கோணலாக இருக்கின்றன என்பது விளங்கும். எம்பி3 முறை 1990களின் தொடக்கத்தில் தரப்படுத்தப்பட்டபோது பாட்டின் பெயரை எழுத அதில் இடமே ஒதுக்கப்படவில்லை. 1996இல் எரிக் கெம்ப் என்பவர் அதற்கு ஒரு வழி கண்டார். கோப்பின் கடைசியில் 128 பைட் சேர்த்து அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார்: அடையாளத்துக்கு 3, தலைப்புக்கு 30, கலைஞர் பெயருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, இசை வகைக்கு 1. இதுவே ஐடி3 முறையின் முதல் வடிவம். இசை வகையை எண்ணால் குறிக்க 80 வகைகள் கொண்ட பட்டியல் ஒன்றும் இருந்தது. அதில் போல்காவுக்கு இடம் உண்டு. கர்நாடக இசைக்கு இல்லை.

முப்பது பைட் என்றால் ஆங்கிலத்தில் முப்பது எழுத்து. தமிழில் கணக்கே வேறு. ‘சங்கராபரணம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். நாம் எண்ணினால் ச, ங், க, ரா, ப, ர, ண, ம் என்று எட்டு எழுத்து. யூனிகோடு அப்படி எண்ணுவதில்லை. புள்ளி தனி, துணைக்கால் தனி. ஆகப் பதினொரு அலகு. இன்று பரவலாக இருக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் அலகும் 3 பைட் எடுத்துக்கொள்ளும் என்பதால் மொத்தம் 33 பைட். பழைய கட்டத்தில் இதை அப்படியே திணித்தால் முதல் பத்து அலகு உள்ளே போய், கடைசி மகரத்தின் புள்ளி வெளியே நின்றுவிடும்; ராகத்தின் பெயர் ‘சங்கராபரணம’ என்று முடியும். ராகத்தின் பெயருக்கே இந்தக் கதி என்றால், பாடியவர், வயலின், மிருதங்கம், சபா, தேதி என்று எழுத எங்கே இடம்?

1998இல் வந்த ஐடி3 இரண்டாம் வடிவம் இந்த நெருக்கடியைத் தீர்த்தது. தலைப்பு எவ்வளவு நீளமும் இருக்கலாம், இசையமைப்பாளர், பாடலாசிரியர், படம், வரிகள் எல்லாவற்றுக்கும் தனிக் கட்டம் உண்டு, யூனிகோடில் எழுதலாம், நாமே பெயரிட்டுப் புதுக் கட்டமும் உண்டாக்கலாம். ஒலியை இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் என்ற வடிவத்தின் டேக் இன்னும் தாராளமானது. ‘ராகம்’ என்று ஒரு கட்டம் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஐடி3 இரண்டாம் வடிவத்திலும் உட்பிரிவுகள் உண்டு. 2.3, 2.4 இரண்டில் 2.3ஐத் தேர்வது நல்லது. பழைய கார் பிளேயர்களும் அதைப் படிக்கும்.

பழைய கோப்புகளில் தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் புள்ளியும் கோடும் தலையில் ஏறிய ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாகத் தெரிவது பலருக்குப் பழகிய காட்சி. கோப்பு கெட்டுவிட்டது என்று அதை அழித்துவிடக் கூடாது. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் திஸ்கி, டாப், டாம் என்று பல குறிமுறைகளில் எழுதப்பட்டது. அந்த எழுத்துருவோடு பார்த்தால் தமிழாகத் தெரியும்; இல்லாவிட்டால் குப்பையாகத் தெரியும். அந்தக் குப்பையை நகலெடுத்து எழுத்துரு மாற்றியில் ஒட்டினால் பெரும்பாலும் சரியான பெயர் கிடைத்துவிடும். எந்தக் குறிமுறை என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக முயன்று பார்க்கலாம்; அதிகபட்சம் நாலைந்து முயற்சிதான்.

டேக்கைத் திருத்த எம்பி3டேக் என்ற மென்பொருள் விண்டோஸில் பல ஆண்டுகளாகப் பயனில் இருக்கிறது. நூறு கோப்புகளை ஒரே நேரத்தில் தேர்ந்தெடுத்து ஒரு கட்டத்தை மாற்றலாம், கோப்பின் பெயரிலிருந்து டேக்கையும் டேக்கிலிருந்து கோப்பின் பெயரையும் உருவாக்கலாம். இணையத்தில் இறக்கிய பாட்டுகளில் தலைப்பு, ஆல்பம், குறிப்பு என்று எல்லாக் கட்டத்திலும் ஏதோ ஒரு தளத்தின் முகவரி ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தேடி நீக்கும் கட்டளையை ஒருமுறை எழுதிவைத்தால் மொத்தச் சேகரிப்பும் சில நிமிடங்களில் துப்புரவாகும். லினக்ஸில் கிட்3 இதே வேலையைச் செய்யும்.

திரைப்பாடல்களுக்கு வருவோம். மேற்கத்திய ஆல்பத்தில் ஒரு பாடகரோ ஒரு குழுவோ எல்லாப் பாட்டையும் பாடியிருப்பார்கள். தமிழ்ப் படத்தில் பாட்டுக்குப் பாட்டு குரல் மாறும். 1992இல் வந்த ‘ரோஜா’வில் மின்மினி, எஸ்.பி. பாலசுப்ரமணியம், சித்ரா, சுஜாதா, ஹரிஹரன், உன்னி மேனன் பாடியிருக்கிறார்கள். கலைஞர் கட்டத்தில் பாடியவர் பெயரை மட்டும் எழுதிவிட்டால் பல மென்பொருள்கள் அந்த ஒரே படத்தை நாலைந்து ஆல்பமாகச் சிதறடித்துவிடும். இதற்கு மருந்து ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்ற கட்டம். அதில் எல்லாப் பாட்டுக்கும் ஏ.ஆர். ரஹ்மான் என்று எழுதினால் படம் ஒன்றாகச் சேர்ந்துவிடும். அதே பெயரை இசையமைப்பாளர் கட்டத்திலும் எழுத வேண்டும். பாடியவர்கள் கலைஞர் கட்டத்தில், வைரமுத்து பாடலாசிரியர் கட்டத்தில், படத்தின் பெயர் ஆல்பம் கட்டத்தில். இதைச் செய்துவிட்டால் பாடலாசிரியரை வைத்துத் தேடுவதுகூடச் சாத்தியமாகிறது. தமிழ்ப் பாட்டு கேட்கிறவருக்கு அது பெரிய வசதி.

படத்தின் பெயரோடு ஆண்டையும் சேர்க்க வேண்டும். ‘பில்லா’ 1980இல் எம்.எஸ். விஸ்வநாதன் இசையிலும் 2007இல் யுவன் ஷங்கர் ராஜா இசையிலும் வந்திருக்கிறது. ஆண்டு இல்லாவிட்டால் இரண்டின் பாட்டுகளும் ஒரே ஃபோல்டரில் கலந்துவிடும். ஆண்டு என்பது படம் வந்த ஆண்டு. சிடி வெளியான ஆண்டோ தொகுப்பு வெளியான ஆண்டோ அல்ல. ஐம்பதுகளின் பாட்டுக்கு 2004 என்று டேக் இருப்பது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தால்தான்.

கர்நாடக இசையில் சிக்கல் வேறு வகையானது. ஆல்பம் என்ற கருத்தே அங்கே முழுமையாகப் பொருந்துவதில்லை. அங்கே அடிப்படை அலகு கச்சேரி, அதற்குள் உருப்படிகள். ஒரே கிருதியைப் பத்து வித்வான்கள் பாடியிருப்பார்கள். ஒரே வித்வான் பத்துக் கச்சேரியில் பாடியிருப்பார். தலைப்பு மட்டும் இருந்தால் இருபது கோப்புகள் ஒரே பெயரில் நிற்கும். அதனால் ஒவ்வோர் உருப்படிக்கும் குறைந்தது இவை வேண்டும்: உருப்படியின் பெயர், வகை (வர்ணம், கிருதி, ராகம் தானம் பல்லவி, பதம், தில்லானா), ராகம், தாளம், இயற்றியவர், பிரதானக் கலைஞர், பக்கவாத்தியக்காரர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக, இடம், தேதி.

தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் 1983-12-27 என்பதுபோல எழுதினால் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கிக்கொள்ளும். இதில் சென்னைக்கே உரிய ஒரு சிறு சிக்கல் இருக்கிறது. மார்கழி சீசன் டிசம்பரில் தொடங்கி ஜனவரியில் முடிகிறது. ஆண்டை மட்டும் வைத்துத் தேடினால் ஒரே சீசன் இரண்டாகப் பிளந்துவிடும். ‘சீசன்’ என்று தனிக் கட்டம் வைத்து 1983-84 என்று எழுதிவிட்டால் அந்தப் பிளவு இருக்காது.

ராகத்தின் பெயரை இணையத்திலிருந்து தானாக நிரப்ப விடுவதில் கவனம் தேவை. கர்நாடகத் தோடியும் இந்துஸ்தானித் தோடியும் ஒன்றல்ல. இந்துஸ்தானித் தோடிக்கு நெருக்கமானது நம் சுபபந்துவராளி. நம் தோடிக்கு ஒத்த ஸ்வரங்கள் கொண்டது அவர்களுடைய பைரவி. நம் ஹிந்தோளம் அங்கே மால்கௌன்ஸ். அங்குள்ள ஹிந்தோல் வேறு ராகம். இரு மரபும் கலந்த சேகரிப்பில் ‘மரபு’ என்று ஒரு கட்டம் இல்லாவிட்டால் ராகப் பட்டியல் பொய் சொல்லும். மேளகர்த்தா எண்ணையும் சேர்த்து வைப்பது படிக்கிறவர்களுக்குப் பயன்படும்: மோகனத்துக்கு 28, ஹிந்தோளத்துக்கு 20 என்று எழுதிவைத்தால் ஒரு தாய் ராகத்தின் ஜன்யங்களை ஒரே சொடுக்கில் வரிசையாகக் கேட்கலாம். இசை கற்கும் ஒரு பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடப் புத்தகம் அமைவது அரிது.

இப்படித் தனிக் கட்டங்களை உண்டாக்கினாலும் எல்லா மென்பொருளும் அவற்றைக் காட்டுவதில்லை. ஃபூபார்2000, மியூசிக்பீ இரண்டும் காட்டும். ராகவாரியாகப் பிரித்தும் அடுக்கும். ஆப்பிளின் செயலி காட்டாது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் தலைப்பிலேயே ‘உருப்படி – ராகம் – தாளம்’ என்று கோடு போட்டு எழுதிவிடுவது வழக்கம். அழகாக இல்லாவிட்டாலும் எந்தக் கருவியிலும் கண்ணில் படும் என்பதால் அது நல்ல வழக்கமே.

உலக அளவில் இசை விவரங்களைத் தன்னார்வலர்கள் தொகுக்கும் மியூசிக்பிரெய்ன்ஸ் தரவுத்தளத்தில் இன்று கர்நாடக ராகங்களுக்கும் தாளங்களுக்கும் இடம் இருக்கிறது. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில் 2011இல் தொடங்கிய காம்ப்மியூசிக் ஆய்வுத் திட்டம், கர்நாடக இசை உட்பட ஐந்து மரபுகளை எடுத்துக்கொண்டது; சென்னை ஐஐடியும் அதில் பங்கேற்றது. கர்நாடக சிடிகள் பலவற்றின் விவரங்கள் அந்த உழைப்பின் வழியே தரவுத்தளத்தில் ஏறின. பிக்கார்டு என்ற மென்பொருள் ஒலியின் ‘கைரேகை’யை எடுத்து அந்தத் தளத்தோடு ஒப்பிட்டு டேக்கை நிரப்பும். வெளியான சிடிகளுக்கு இது பயன்படும். ரசிகர்கள் தாமே பதிவு செய்த கச்சேரிக்கு உலகில் எந்தத் தளத்திலும் விவரம் இருக்காது.

அந்த விவரம் இருப்பது மனிதர்களிடம். சபாவின் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேசட்டில் பதிவு செய்த பெரியவருக்கு அன்று வயலின் யார், கடம் யார் என்பது நினைவில் இருக்கும். அவரை உட்காரவைத்து முதல் சில நிமிடங்களை ஒலிக்கவிட்டுக் கேட்டு எழுதிக்கொள்வதுதான் இந்த வேலை முழுவதிலும் அவசரமானது. மற்றதெல்லாம் அடுத்த ஆண்டும் செய்யலாம். இதை ஒத்திப்போட முடியாது. எழுதும்போது விவரம் எங்கிருந்து வந்தது என்பதையும் குறிக்க வேண்டும்: ‘கேசட் அட்டையில் உள்ளபடி’, ‘கேட்டறிந்தது’, ‘குரலை வைத்து ஊகம்’. உறுதியில்லாத பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போதும். கேள்விக்குறி இல்லாமல் எழுதிய ஊகம் பத்து ஆண்டில் உண்மையாகிவிடும். பிறகு அதைத் திருத்த யாராலும் முடியாது. கேசட் அட்டையில் பென்சிலால் எழுதியிருப்பதைப் படமெடுத்து அதே ஃபோல்டரில் போட்டுவிடுவதும் நல்லது. கையெழுத்தே சில நேரம் சாட்சியாகும்.

அடுத்தது எழுத்து. டேக்கைத் தமிழில் எழுதுவதா, ஆங்கில எழுத்தில் எழுதுவதா? ஆங்கில எழுத்தில் எழுதினால் எல்லாக் கருவியிலும் தெரியும். ஆனால் இளையராஜா என்ற ஒரு பெயருக்கு மூன்று நான்கு எழுத்துக்கூட்டல் புழக்கத்தில் இருக்கிறது. சங்கராபரணம், ஷண்முகப்ரியா என்று ராகங்களும் அப்படியே. தமிழில் எழுதினால் கூட்டல் குழப்பம் குறையும், ஆனால் அடியோடு போய்விடாது. ‘டி.எம். சௌந்தரராஜன்’, ‘டி. எம். சௌந்தரராஜன்’, ‘டி.எம்.எஸ்.’ மூன்றும் கணினிக்கு மூன்று ஆட்கள். முன்னெழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விடுவதா இல்லையா என்பதை ஒருமுறை முடிவு செய்து கடைசிவரை மாறாமல் இருக்க வேண்டும்.

இதைவிட நுட்பமான ஒன்று ‘சௌ’ என்ற எழுத்திலேயே இருக்கிறது. சரியாகத் தட்டினால் அது சகரமும் ஔகாரக் குறியும். பலர் ‘செ’ தட்டிப் பக்கத்தில் ளகரத்தைத் தட்டிவிடுவார்கள். திரையில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கு ஒன்று சௌந்தரராஜன், மற்றது செ-ள-ந்தரராஜன். தேடினால் பாதிப் பாட்டுதான் வரும், ஏன் என்று புரியாது. ‘கொ’, ‘கோ’ போன்றவற்றிலும் இப்படி ஒரு மறைவான இரட்டை வடிவம் உண்டு. குறியை ஒரே அலகாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு அலகாகவும் எழுதலாம். மேக் கணினியின் பழைய கோப்பு அமைப்பு பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து லினக்ஸுக்கோ விண்டோஸுக்கோ நகலெடுத்தால் கோப்புப் பெயர்கள் பார்வைக்கு ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருந்து, ஒரே ஃபோல்டரில் இரட்டையாக நிற்கும். பெயர் ஒன்றாகவே தெரியும் இரண்டு கோப்புகள் அருகருகே நின்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

ஃபோல்டர் அமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டேக் சரியாக இருந்தால் ஃபோல்டர் எப்படி இருந்தாலும் பாதகமில்லை. திரைப்பாடலுக்கு இசையமைப்பாளர், அதற்குள் ஆண்டும் படமும்; கச்சேரிக்குப் பிரதானக் கலைஞர், அதற்குள் தேதியும் இடமும். இரண்டு மூன்று அடுக்குக்கு மேல் போனால் விண்டோஸின் 260 எழுத்து வரம்பு குறுக்கே வரலாம். கேள்விக்குறி, முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள், நட்சத்திரம், சாய்கோடு ஆகியவற்றைக் கோப்பின் பெயரில் தவிர்க்க வேண்டும். டேக்கில் தாராளமாக இருக்கலாம். லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகாது. தமிழில் அது 85 அலகுதான்.

எந்த வடிவில் சேமிப்பது என்பது கணக்கைப் பொறுத்த விஷயம். சிடியின் ஒலி நொடிக்கு 44,100 மாதிரி, மாதிரிக்கு 16 பிட், இரண்டு தடம். மூன்று மணி நேரக் கச்சேரியை அப்படியே வைத்தால் சுமார் 1.9 ஜிகாபைட். 320 கிலோபிட் எம்பி3யாக்கினால் 432 மெகாபைட். 128 கிலோபிட்டில் 173 மெகாபைட். எம்பி3 காதுக்கு எட்டாது என்று தான் கருதுவதைத் தூக்கி எறிந்துதான் இடத்தை மிச்சப்படுத்துகிறது. எறிந்தது திரும்ப வராது. 2001இல் ஜோஷ் கோல்சன் வெளியிட்ட ஃபிளாக் எதையும் எறியாமல் சுருக்குகிறது. அந்தக் கச்சேரி ஏறக்குறைய ஒரு ஜிகாபைட்டுக்குள் வந்துவிடும். ஒரு டெராபைட் டிஸ்க்கில் ஆயிரம் கச்சேரி அடங்கும். இன்றைய நிலையில் மூலத்தை எம்பி3யாக வைப்பதற்கு நியாயமே இல்லை. மூலம் ஃபிளாக்கில் இருக்கட்டும். போனுக்கும் காருக்கும் அதிலிருந்து எம்பி3 எடுத்துக்கொள்ளலாம்.

கச்சேரிக்கு ஃபிளாக் உகந்தது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆலாபனை, கிருதி, தனி ஆவர்த்தனம் என்று தனித்தனிக் கோப்பாக வெட்டினால் எம்பி3யில் ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் மிகச் சிறிய மௌனம் சேர்ந்துவிடும். நல்ல பிளேயர்கள் அதை மறைக்கும். மற்றவற்றில் தம்புரா ஒரு கணம் அறுந்து மறுபடி தொடங்கும். ஃபிளாக்கில் வெட்டிய இடம் தெரியாது.

தொண்ணூறுகளின் இறுதியிலும் அதற்குப் பிறகும் ஒரே சிடியில் 150 பாட்டு என்று விற்ற எம்பி3 தட்டுகள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. 700 மெகாபைட்டில் 12 மணி நேரம் அடைக்க வேண்டுமென்றால் 128 கிலோபிட்டுக்கு மேல் போக முடியாது. அவற்றை ஃபிளாக்காக மாற்றுவதால் கோப்பு பெருக்கும், ஒலி மேம்படாது. அப்படியே வைத்துக்கொள்வதே முறை. யாராவது கொடுக்கும் ஃபிளாக் உண்மையானதா என்பதை ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளின் அலைக்கற்றைப் படத்தில் பார்க்கலாம்: ஏறக்குறைய 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல வெறுமையாக இருந்தால் அது எம்பி3யாக இருந்து ஃபிளாக் ஆனதாகவே இருக்கும்.

கேசட்டைக் கணினிக்கு மாற்றுவது இந்தச் சேகரிப்பு வேலையிலேயே பொறுமை கேட்பது. டெக்கின் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, வெகுநாள் கிடந்த கேசட்டை ஒருமுறை முழுவதும் முன்னும் பின்னும் ஓடவிட வேண்டும். பூஞ்சை படர்ந்த நாடாவை டெக்கில் போடக் கூடாது. அது ஹெட்டையும் கெடுத்து அடுத்த கேசட்டையும் கெடுக்கும். ஹெட்போன் துளையிலிருந்து எடுக்காமல் லைன் அவுட்டிலிருந்து எடுக்க வேண்டும். அளவை உச்சத்துக்குப் பல டெசிபெல் கீழே வைப்பது பாதுகாப்பு. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் ஓர் அடி முள்ளைச் சிவப்புக்கு எகிறச் செய்துவிடும். 24 பிட்டில் பதிந்தால் அளவைத் தாழ்த்தியதால் இழப்பு வராது.

கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். பழைய டெக்கின் பெல்ட் தளர்ந்திருந்தால் வேகம் மாறும்; வேகம் மாறினால் சுருதி மாறும். 6 சதவீதம் கூடினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். மூன்று மணிக் கச்சேரி பத்து நிமிடம் குறைந்துவிடும். ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டையில் பாடுவார், குரலின் கனமே போய்விடும். பாடியவரின் வெளியான இசைத்தட்டு ஒன்றோடு சுருதியை ஒப்பிட்டு, டெக்கின் வேகத்தையே சரிசெய்வது சிறந்தது. முடியாவிட்டால் ஆடாசிட்டியில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் வசதியைப் பயன்படுத்த வேண்டும். சுருதியை மட்டும் மாற்றும் வசதி தாளத்தைப் பழைய பிழையிலேயே விட்டுவிடும்.

இரைச்சல் நீக்கும் வசதியில் ஒரு பொறி இருக்கிறது. அது செயல்படும் முறை எளிது: இரைச்சல் மட்டும் இருக்கும் சில நொடியை மாதிரியாகக் காட்டினால், அதே ஒலியைப் பதிவு முழுவதிலிருந்தும் கழிக்கும். கச்சேரிப் பதிவில் ‘ஒன்றுமில்லாத’ இடம் என்று தோன்றுவதில் தம்புரா ஒலித்துக்கொண்டிருக்கும். அந்த இடத்தை மாதிரியாகக் கொடுத்தால் மென்பொருள் தம்புராவையே இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும். பாட்டு சுத்தமாகிவிட்டதுபோலத் தோன்றும். சுருதியின் ரீங்காரம் போய்க் குரல் வெற்றிடத்தில் நிற்கும். தம்புரா தொடங்குவதற்கு முன் நாடா மட்டும் ஓடும் நொடிகளை மாதிரியாக எடுக்க வேண்டும், மிகக் கொஞ்சமாகக் கழிக்க வேண்டும். எதுவும் செய்வதற்கு முன் கைபடாத மூலப் பதிவைத் தனியே வைத்துவிட வேண்டும். பிற்காலத்தில் இதைவிட நல்ல கருவிகள் வரும். அவற்றுக்குத் தேவைப்படுவது மூலம்தான்.

இரட்டைக் கோப்புகளைக் கண்டுபிடித்து நீக்கும் மென்பொருள்கள் திரைப்பாடலுக்கு உதவும். கச்சேரிப் பதிவில் அவற்றை நம்பி அழிக்கக் கூடாது. ஒரே கலைஞர், ஒரே கிருதி, நீளமும் ஏறக்குறைய ஒன்று, ஆனால் வேறு வேறு ஆண்டு; பெயரை வைத்து ஒப்பிடும் மென்பொருளுக்கு இரண்டும் ஒன்று. அந்த இரண்டுக்கும் இடையே நிரவல் எப்படி மாறியிருக்கிறது என்று கேட்பதற்காகத்தான் இப்படியொரு சேகரிப்பே தேவைப்படுகிறது.

ஒரு பாட்டு சன்னமாகவும் அடுத்தது உரக்கவும் ஒலிப்பதற்கு ரீப்ளேகெயின் தீர்வு. 2001இல் டேவிட் ராபின்சன் முன்வைத்த இந்த முறை ஒலியைத் தொடாமல், எவ்வளவு கூட்ட வேண்டும் குறைக்க வேண்டும் என்ற எண்ணை டேக்கில் எழுதிவைக்கிறது. திரைப்பாடலுக்குப் பாட்டுவாரியாக வைக்கலாம். கச்சேரிக்கு ஆல்பவாரியாகத்தான் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மெல்லத் தொடங்கும் ஆலாபனையும் உச்சத்தில் நிற்கும் தனி ஆவர்த்தனமும் ஒரே அளவுக்கு வந்து கச்சேரியின் ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடும்.

காப்புப்படிக்குப் புகைப்படக்காரர் பீட்டர் குரோ பரப்பிய ஒரு கணக்கு எல்லாத் துறையிலும் வழங்குகிறது: மூன்று படி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. வெள்ளம் புகுந்த வீட்டில் மேசை மேல் ஒரு டிஸ்க்கும் மேசை டிராயரில் ஒரு டிஸ்க்கும் இருந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் நனையும். ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் ஒரு டிஸ்க் இருப்பது எளிய வழி. இரண்டு டிஸ்க்கைத் தானாக ஒத்திசைக்கும் மென்பொருளைக் காப்புப்படி என்று எண்ணக் கூடாது. ஒன்றில் தவறி அழித்தது மற்றதிலும் உடனே அழியும். 2000களில் எரித்த சிடிகளில் இருக்கும் பதிவுகளை இப்போதே டிஸ்க்குக்கு மாற்றிவிட வேண்டும். அவற்றின் சாயப் பூச்சு காலப்போக்கில் மங்கும்.

படி இருக்கிறது என்பது மட்டும் போதாது. அது கெடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கேயும் ஃபிளாக் கைகொடுக்கிறது. ஒலியைக் கணக்கிட்டுப் பெற்ற ஒரு சரிபார்ப்பு எண் ஒவ்வொரு ஃபிளாக் கோப்புக்குள்ளும் இருக்கும். சோதனைக் கட்டளை கொடுத்தால் ஒலியை மீண்டும் கணக்கிட்டு ஒப்பிட்டு, ஒரு பிட் மாறியிருந்தாலும் சொல்லிவிடும். டேக்கைத் திருத்துவதால் அந்த எண் மாறாது. ஆண்டுக்கு ஒருமுறை இரவில் ஓடவிட்டால் காலையில் முடிவு தெரியும்.

காருக்கான பென் டிரைவை மூலத்திலிருந்து பிரித்த தனிப் படியாகவே வைக்க வேண்டும். பல கார் பிளேயர்கள் தமிழைக் கட்டம் கட்டமாகக் காட்டும். சில காட்டினாலும் ஒற்றைக் கொம்பை எழுத்துக்குப் பின்னால் தள்ளிவிடும். அந்தப் படிக்கு மட்டும் டேக்கை ஆங்கில எழுத்தில் மாற்றிக்கொள்ளலாம். மூலத்தின் தமிழ் டேக்கைக் காருக்காகத் திருத்தக் கூடாது.

பாட்டுப் பட்டியல்களை மென்பொருளுக்குள்ளேயே விட்டுவிடாமல் எம்3யு8 கோப்பாக வெளியே எழுதிச் சேகரிப்போடு வைத்தால் அடுத்த மென்பொருளும் அதைப் படிக்கும். அதில் பாட்டின் இடம் டிஸ்க்கின் எழுத்திலிருந்து தொடங்காமல் ஃபோல்டரிலிருந்து தொடங்கினால் வேறு கணினியிலும் செல்லும்.

கடைசியாக, மேல் ஃபோல்டரில் ‘முதலில் படிக்கவும்’ என்று ஒரு சாதாரண உரைக்கோப்பு. முன்னெழுத்துக்கு நடுவே இடைவெளி இல்லை, ஆண்டு என்பது படம் வந்த ஆண்டு, கேள்விக்குறி என்றால் ஊகம், ‘மூலம்’ ஃபோல்டரில் கைவைக்கக் கூடாது என்று இங்கே கடைப்பிடித்த விதிகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இன்னும் மாற்றாத கேசட்டுகள் எந்த அலமாரியில் இருக்கின்றன, இரண்டாவது டிஸ்க் யார் வீட்டில் இருக்கிறது என்பதும் அதில் வேண்டும். அதை அச்செடுத்து ஒரு படியை டிஸ்க்கின் உறைக்குள்ளேயே மடித்து வைத்துவிடலாம்.